‘தொடரும்’ என்று போட்ட பிறகு

2020 மே மாதத்தில் ஒரு நாள், காலையிலிருந்து இரவுவரை நானும் அம்மாவும் ‘மெட்டி ஒலி’ பார்த்தோம். ஊரடங்கு காலம். மார்ச் மாதமே படப்பிடிப்புகள் நின்றுவிட்டன. கையிருப்பில் இருந்த புதிய பகுதிகள் தீர்ந்ததும் தொலைக்காட்சிகள் பழைய தொடர்களை எடுத்து ஓட்டின. தூர்தர்ஷனில் ‘ராமாயணம்’ திரும்ப வந்தது. சன் டிவியில் ‘மெட்டி ஒலி’ வந்தது. ஒரு நாளைக்கு அவர்கள் போடுவது அம்மாவுக்குப் போதவில்லை. “அடுத்து என்னன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் பாக்கணும்போல இருக்குத்தா” என்றாள். இணையத்தில் பழைய பகுதிகள் கிடந்தன. போனை டிவியோடு இணைத்தேன். அன்றைக்கு மட்டும் 16 பகுதிகள் பார்த்தோம்.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். சீரியல் பார்ப்பேன் என்பதை ஆசிரியர் அறையில் வெகுகாலம் சொன்னதில்லை. யாராவது கேட்டால் “அம்மா பாப்பாங்க, காதுல விழும்” என்பேன். இப்படிச் சமாளிப்பது நான் மட்டுமல்ல. 1980களின் தொடக்கத்தில் இயன் ஆங் என்ற ஆய்வாளர், அமெரிக்கத் தொடரான ‘டாலஸ்’ பார்ப்பவர்கள் தனக்கு எழுதும்படி நெதர்லாந்தின் பெண்கள் இதழ் ஒன்றில் விளம்பரம் கொடுத்தார். 42 கடிதங்கள் வந்தன. பெரும்பாலும் பெண்கள் எழுதியவை. பிடித்திருக்கிறது என்று எழுதியவர்களில் பலர் கூடவே ஒரு சமாதானமும் சொல்லியிருந்தார்கள். பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல ஒரு பெண் ஏன் சமாதானம் தேட வேண்டும் என்ற கேள்வி, அந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து என்னிடம் இருக்கிறது.

அந்த நாளை நான் எழுத நினைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏழாவது பகுதியைப் போட்டபோது அம்மா, “கொஞ்சம் நிறுத்து” என்றாள். நிறுத்தினேன். அப்போது அவள் சொன்னது 16 வருடங்களாக எனக்குத் தெரியாத ஒரு விஷயம். அதைச் சொல்வதற்கு முன்னால் காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதல் மூன்று பகுதிகளை அம்மா திரையில் பார்க்கவே இல்லை. அடுப்படியில் கத்தரிக்காய் அரிந்துகொண்டும், கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டும் இருந்தாள். ஆனாலும் ஒரு வசனத்தைக்கூட அவள் தவறவிடவில்லை. “இப்ப மாமியா வருவா பாரு” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். எப்படி என்று பார்க்க நானும் ஒரு பகுதி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எல்லாம் புரிந்தது. ஒருவரிடம் பேசும்போது பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். நடந்ததை இன்னொருவர் வந்து மறுபடி கேட்கிறார், முதலிலிருந்து சொல்கிறார்கள். கெட்டது வரப்போகிறதென்றால் இசை முந்திக்கொண்டு வருகிறது. இழுக்கிறார்கள், சொன்னதையே சொல்கிறார்கள் என்று நாம் குறை சொல்வதெல்லாம், கையில் வேலையோடு நிற்கிறவளுக்காகச் செய்யப்பட்டது. டானியா மொட்லெஸ்கி 1982-இல் எழுதிய நூலில், இடையிடையே அறுபட்டு ஓடும் சீரியலின் நடைக்கும் இடையிடையே அறுபடும் வீட்டுவேலைக்கும் உள்ள உறவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். முதுகலை படிக்கும்போது அதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன். அது புரிந்தது அன்றைக்கு உளுந்து அரைபடும் சத்தத்தில்தான்.

இந்த வடிவம் வானொலிக்காக வந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1930-இல் சிகாகோ வானொலியில் இர்னா பிலிப்ஸ் என்ற பெண் எழுதிய ‘பெயிண்டட் ட்ரீம்ஸ்’ பகல் நேரத்தில் வீட்டிலிருக்கும் பெண்களுக்காக ஒலிபரப்பானது. பிராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற சோப்பு நிறுவனங்கள் இத்தகைய நாடகங்களுக்குப் பணம் போட்டதால் ‘சோப் ஆப்பெரா’ என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் 1937-இல் தொடங்கிய ‘கைடிங் லைட்’ வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை, 72 வருடங்கள் ஓடியது. வீட்டுவேலை செய்கிற பெண்ணைச் சோப்பு வாங்குகிறவளாக வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். அவளுக்குக் கதை வேண்டும் என்பதையும் அப்போதே கண்டுகொண்டார்கள்.

தமிழில் இந்தப் பசியைப் பத்திரிகைகள் அதற்கும் முன்பே அறிந்திருந்தன. பள்ளிக்கூடம் போகாத வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை எடுத்து நடத்தினார், அதில் தொடர்கதை எழுதினார். அவர் எழுதிய நாவல்கள் 115. பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சு அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. கதை படித்தால் அடுப்பைக் கவனிக்க மாட்டாள் என்று அன்று சொன்னார்கள். சீரியல் பார்த்தால் பிள்ளையைக் கவனிக்க மாட்டாள் என்று பிறகு சொன்னார்கள். கதை மாறினாலும் குற்றச்சாட்டு அப்படியே இருக்கிறது. அவளுக்கென்று ஓர் அரை மணி நேரம் இருப்பதுதான் உறுத்துகிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இந்தியாவின் முதல் பெரிய தொடரான ‘ஹம் லோக்’ 1984 ஜூலையிலிருந்து 1985 டிசம்பர்வரை 156 பகுதிகள் வந்தது. அதை எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. மெக்சிகோவில் மிகேல் சபீதோ என்பவர் குடும்பக் கட்டுப்பாடு போன்ற செய்திகளைக் கதைக்குள் வைத்துத் தயாரித்த தொடர்கள்தான் அதற்கு முன்மாதிரி. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நடிகர் அசோக் குமார் தோன்றி, இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வார். அதில் பாக்வந்தி என்ற தாய் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போகிறவள். இப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காகவே அவளைப் படைத்தார்கள். ஆனால் அர்விந்த் சிங்காலும் எவரெட் ரோஜர்ஸும் ஆய்வு செய்தபோது, பார்த்த பெண்களில் பலர் அவளையே நல்ல முன்மாதிரியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சமூகம் பெண்களை எப்படிப் பழக்கி வைத்திருக்கிறது பாருங்கள் என்று சொல்ல வகுப்பில் இந்தச் செய்தியைப் பல வருடம் பயன்படுத்தியிருக்கிறேன். இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கதையிலிருந்து பெண்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்பதை அதைத் தயாரித்தவர்களால் முடிவுசெய்ய முடியவில்லை. இதை நான் வகுப்பில் சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக்கு ஹிந்தித் தொடர்கள் எட்டவில்லை. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. 1999 கடைசியில் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கி, தினமும் ஒரே நேரத்தில் ஒரே கதைக்கு உட்காரும் வழக்கத்தை வீடுகளில் நிலைநிறுத்தியது. ராதிகாவே தயாரிப்பாளர். குட்டி பத்மினியும் தொடர்கள் தயாரித்தார். சினிமாவில் அம்மா வேடமும் அண்ணி வேடமும் கிடைத்துக்கொண்டிருந்த வயதில், தொலைக்காட்சியில் கதையின் நடுவில் நிற்கவும் முதலாளியாக இருக்கவும் பெண்களால் முடிந்தது. 2002-இல் திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ வந்தது. சிதம்பரம் என்ற அப்பா, அவருடைய ஐந்து பெண்கள், அவர்கள் வாழ்க்கைப்பட்ட வீடுகள். இவ்வளவுதான் கதை. அந்த ஐவரில் சரோ என்பவளை மாமியாரும் புருஷன் மாணிக்கமும் படுத்துகிற பாடு, பார்த்தவர்கள் யாருக்கும் மறக்காது.

அப்போது நாங்கள் மதுரையில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். எட்டு வீடுகளுக்கு இரண்டு டிவி. அதில் ஒன்று எங்களுடையது, அப்பா தவணையில் வாங்கியது. ராத்திரி சீரியல் நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ‘தொடரும்’ என்று போட்டதும் யாரும் உடனே எழ மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

“சரோ ஏன் அப்பா வீட்டுக்குப் போக மாட்டேங்குறா?” என்று ஒருத்தர் கேட்பார். “போனா தங்கச்சிகளுக்கு யாரு மாப்ள குடுப்பா?” என்பார் இன்னொருத்தர். “அதுக்காக அடிவாங்கிச் சாகவா?” என்று மூன்றாவது குரல் வரும். அரை மணி நேரக் கதைக்கு முக்கால் மணி நேரப் பேச்சு. நான் அப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பெண்ணியம் என்ற சொல்லைப் புதிதாகக் கற்றிருந்தேன். உள்ளறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு இந்தப் பேச்சு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் வெளியே வந்து, “இந்த அழுகாச்சி நாடகத்துக்கு ஒரு பட்டிமன்றமா? சரோ புத்தி இல்லாதவ, அடிக்கிறான்னா கெளம்பிப் போக வேண்டியதுதானே” என்று சொல்லிச் சிரித்தேன். எல்லோரும் எழுந்து போனார்கள். 2004-ஆம் வருடம் என்று நினைவு. எனக்கு அந்தச் சம்பவம் அவ்வளவுதான்.

ஏழாவது பகுதியை நிறுத்தச் சொன்ன அம்மா அன்றைக்குக் கேட்டாள்: “மாடிவீட்டு அக்கா ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. கடைசி வீட்டின் மாடியில் குடியிருந்தவர். சின்ன மகள் ஒருத்தி. அந்தக் கூட்டத்தில் கதவோரமாக உட்காருவார், அதிகம் பேச மாட்டார்.

“அவதான் மொதல்ல கேட்டது, சரோ ஏன் போக மாட்டேங்குறான்னு. அவ வீட்ல நடக்குறது எங்க எல்லாருக்கும் தெரியும். எப்பிடிக் கேக்குறது? கேட்டா, ஒண்ணுமில்லக்கான்னு போயிருவா. சரோவ வச்சுத்தான் பேசுவோம். போனா எங்க தங்குவா, பிள்ளைய எங்க படிக்க வைப்பா, அண்ணங்காரன் வச்சுக்குவானா, எல்லாம் சரோவுக்குத்தான் கேப்போம். அவளுக்குத்தான் சொல்லுவோம். நீ வந்து சிரிச்சியா, அதோட ஒரு வாரம் அவ வரல.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“ஒன்னய குத்தம் சொல்லல. நீ சின்னப் பிள்ள. ஆனா நீ சிரிச்சது அவளப் பாத்துச் சிரிச்ச மாதிரி ஆயிருச்சு.”

ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டுப் பெரியம்மா மாடிக்கே போய், “சரோவுக்கு இன்னைக்கு என்ன ஆச்சுன்னு வந்து பாரு” என்று கூட்டிவந்தாராம். சில மாதங்களில் ஒரு ராத்திரி அக்கா பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்ததும், காலையில் நான் எழும்போது அவர்கள் இல்லாததும் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து காசு போட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எங்கே தங்குவது, யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் சரோவின் பெயரால் ஏற்கெனவே பேசி முடித்திருந்த விஷயங்கள்.

அவர்கள் ஏன் போலீசுக்குப் போகவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு 1983-இல் வந்துவிட்டது. நாட்டின் முன்னோடி அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் ஒன்று 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. ஆனால் புருஷன்மேல் புகார் கொடுத்த பெண் அன்றைக்கு ராத்திரி எந்த வீட்டில் படுப்பாள் என்பதற்கு அந்தப் பிரிவில் பதில் இல்லை. புகுந்த வீட்டிலேயே தங்கும் உரிமை, அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, உதவிக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர், இவற்றையெல்லாம் கொண்டுவந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது 2005-இல். நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். ‘மெட்டி ஒலி’யும் 2005-இல்தான் முடிந்தது. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று சொல்லவரவில்லை. அந்தச் சட்டம் பதில் சொல்ல முயன்ற கேள்விகளை, சட்டம் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஏழெட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே தங்குவாள் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியும்.

தொடரைத் தூக்கிப்பிடிக்க இதைச் சொல்லவில்லை. அன்றைக்குப் பார்த்த 16 பகுதிகளில் எனக்குக் கோபம் வந்த இடங்கள் நிறைய. கையை ஓங்குகிறவன் மாணிக்கம், ஆனால் கதை கைகாட்டுவது அவனுடைய அம்மாவை. கெடுக்கிறவளும் பெண், அழுகிறவளும் பெண் என்றால் நடுவில் நிற்கும் ஆண் சுலபமாகத் தப்பித்துவிடுகிறான். எந்நேரமும் காபி வருகிறது, டம்ளர் கழுவுகிற காட்சி மட்டும் அபூர்வம். எல்லாக் கல்யாணமும் சொந்த சாதிக்குள் என்பது யாரும் வாய்திறக்காமலே நடக்கிறது.

எங்கள் கூட்டமும் யோக்கியமானது என்று சொல்ல முடியாது. காம்பவுண்டைக் கூட்டித் துடைக்க வந்த அம்மாவும் சரோவின் கதையைப் பார்த்தார். வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று எங்களில் யாரும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “கூப்பிடல” என்றாள். அவருக்கு என்ன பிரச்சினை என்று கேட்க எங்களிடம் எந்தச் சரோவும் இல்லை.

சாயங்காலம் பத்தாவது பகுதி ஓடும்போது இன்னொன்று தோன்றியது. ‘தொடரும்’ என்று வந்ததும் நான் அடுத்த பகுதியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். காத்திருக்கத் தேவையில்லை. அம்மாதான் ஒவ்வொரு முறையும் “இரு, இரு” என்றாள். அவளுக்கு அந்த இடைவெளி வேண்டியிருந்தது. இன்றைய பகுதிக்கும் நாளைய பகுதிக்கும் நடுவில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருந்ததால்தான் குழாயடியில் பேச முடிந்தது. நான் போனில் தனியாக ஒரே மூச்சில் பார்த்து முடித்த எத்தனையோ தொடர்களைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தக் கூட்டம் கலைந்ததற்குச் சீரியல் காரணமில்லை. 2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் காம்பவுண்டில் ஒவ்வொரு வீடாக டிவி வந்தது. வாசற்படியில் நின்றவருக்கும் சொந்தமாக ஒன்று கிடைத்தது. அது நல்ல விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே சமயம், எங்கள் வீட்டுத் தரை காலியானது. ‘கோலங்கள்’ தொடரில் தேவயானி நடித்த அபி, புருஷனை விட்டுப் பிரிந்து தொழில் நடத்தி நிமிர்ந்ததை அவரவர் வீட்டில் அவரவர் பார்த்தார்கள். அபி வீட்டைவிட்டு வெளியே வந்தவள். அவளைப் பற்றி உட்கார்ந்து பேச, 2009-இல் அந்தத் தொடர் முடிவதற்குள் ஆளில்லாமல் போனது.

‘கோலங்கள்’ இயக்கிய திருச்செல்வம் 2022-இல் ‘எதிர்நீச்சல்’ தொடங்கினார். படித்த மருமகள்களை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது சொந்த வீட்டுச் சாவைப்போல ஊரே பேசியது. அவர் நல்ல நடிகர். ஆனால் அந்தப் பாத்திரம் பெண்களை அதட்டுகிற அதட்டல் ஆண்களுக்கு வேடிக்கையாகிப் போனில் சுற்றியது. பொறுத்துப்போகாதே என்று சொல்லப் படைத்த பாக்வந்தியைப் பெண்கள் முன்மாதிரியாக எடுத்தார்கள் என்று கவலைப்பட்டு ஆய்வுகள் எழுதினோம். வெறுக்கச் சொல்லிப் படைத்தவனை ஆண்கள் நாயகனாக எடுத்துக்கொண்டபோது அப்படியொரு கவலையை நான் அதிகம் கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். “நல்லா நடிச்சாரு, பாவம். ஆனா அந்த மாதிரி ஒருத்தன் வீட்ல இருந்தா சிரிக்க முடியாதுத்தா” என்றாள். கூடவே இதையும் சொன்னாள்: “அந்த மருமக நாலு பேரும் அடுப்படியில நின்னு பேசுறாங்க பாரு, அதுதான் நல்லாருக்கு.”

அந்த மே மாத நாளுக்கே திரும்புகிறேன். நாங்கள் ஓயும்போது இரவு 11 மணி. வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த மாதங்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் கூடியிருப்பதாகத் தேசிய மகளிர் ஆணையம் சொல்லியிருந்தது. எத்தனை வீடுகளில் பெண்கள் அதே ‘மெட்டி ஒலி’யை, அடிக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்று நினைத்தேன். பேச ஆளில்லாமல், எழுந்து போக இடமில்லாமல்.

மறுநாள் அம்மா மாடிவீட்டு அக்காவுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவரோடு இத்தனை வருடமும் தொடர்பு வைத்திருந்திருக்கிறாள். அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடம் வேலை செய்திருக்கிறார். மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. நான் அந்தப் பழைய சிரிப்பைப் பற்றிச் சொல்லி, தப்பு பண்ணிட்டேன்க்கா என்றேன்.

அவருக்கு அது நினைவிருந்ததா என்று தெரியவில்லை, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இப்ப நீயும் பாக்குறியாத்தா?” என்று கேட்டார்.

“பாக்குறேன்க்கா. நேத்து பூரா பாத்தோம்.”

“நானும்தான் பாக்குறேன். சரோ இன்னும் அந்த வீட்லயேதான் இருக்கா” என்றார். பிறகு, எந்தப் பகுதிவரை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதிலிருந்து நாங்கள் பேச ஆரம்பித்தோம்.